ஓடாமல் வயதாகும் கார்: செட்டிநாட்டு வீட்டுச் சான்ட்ரோ ஜிங் பற்றிய மதிப்பீடு

பழைய சிறிய காரை எடைபோடும்போது எல்லா ஊரிலும் முதலில் கேட்கப்படுவது, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதுதான். செட்டிநாட்டில் அதற்கு முன்பாக, அது எத்தனை மாதம் ஓடாமல் நின்றிருக்கிறது என்று கேட்க வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என எந்த ஊருக்குப் போனாலும், சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ குடியிருக்கும் குடும்பத்தார் திருமணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும் ஊருக்கு வரும்போது எடுத்து ஓட்டுவதற்கென்றே கொட்டகையில் ஒரு கார் நிற்பதைக் காணலாம். எங்கள் வீட்டில் அப்படி நிற்பது ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங். 2009இல் பதிவான அந்தக் காரை இன்னும் வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது நான் யோசித்துப் பார்த்தவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும், பழைய சான்ட்ரோ ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

சான்ட்ரோ முதன்முதலில் 1998இல் வந்தது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் உருவான அந்த முதல் காரில் 999 சி.சி. இன்ஜின் இருந்தது. 2003இல் முகம் மாறி, 1,086 சி.சி. இன்ஜினோடு சான்ட்ரோ ஜிங் என்ற பெயரில் வந்த வடிவம் 2014 வரை விற்பனையில் இருந்தது. 2018இல் அதே பெயரில் வந்து 2022இல் நின்றுபோன கார் முற்றிலும் வேறு உடல் கொண்டது. அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஆகவே இன்று நாம் பார்க்கும் ஜிங் எதுவானாலும் பத்து வயதைத் தாண்டியதுதான். பெரும்பாலானவை பதினைந்தைத் தாண்டியவை.

இந்தக் காரின் முதல் சிறப்பு அதன் உயரம். தரையிலிருந்து கூரை வரை 1,590 மில்லிமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க, ஆல்டோ 800இன் உயரம் 1,475 மில்லிமீட்டர்தான். இந்த வேறுபாடு எண்ணிக்கையில் சிறிதாகத் தெரிந்தாலும், முழங்கால் வலியுள்ள ஒருவர் ஏறி இறங்கும்போது அதன் மதிப்பு விளங்கும். தாழ்வான காரில் உட்காருவதென்றால் உடலை மடக்கிக் கீழே இறங்க வேண்டும். எழுவதென்றால் யாராவது கை கொடுக்க வேண்டும். சான்ட்ரோவில் இருக்கை ஏறக்குறைய ஒரு நாற்காலியின் உயரத்தில் இருப்பதால், முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். கதவும் நேராக, அகலமாகத் திறக்கிறது. எங்கள் அப்பத்தா பட்டுப்புடவை கசங்காமல் பிறர் துணையின்றி ஏறி இறங்கும் கார் இது ஒன்றுதான். வெளியூரிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் விலையுயர்ந்த கார்கள் வாசலில் நின்றாலும், கோயிலுக்குப் புறப்படும்போது அவர் சான்ட்ரோவைத்தான் எடுக்கச் சொல்வார். நீண்டகாலம் வெளியூரில் வாழ்ந்துவிட்டு முதுமையில் ஊர் வீட்டுக்கே திரும்பி வந்து தங்கும் பெரியவர்கள் பெருகிவரும் இப்பகுதியில், இந்த ஒரு குணத்துக்காகவே இக்காரின் பல குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், மாத்தூர், இலுப்பைக்குடி, நேமம், சூரக்குடி, வேலங்குடி, இளையாத்தங்குடி ஆகிய, நகரத்தார் சமூகத்துக்குரிய ஒன்பது நகரக் கோயில்களையும் பெரியவர்களோடு சுற்றிவருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏற வேண்டும். அப்படிப்பட்ட பயணத்தில் காரின் வேகமோ தொடுதிரையோ யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. மாலையில் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

நீளம் 3,565 மில்லிமீட்டர், அகலம் 1,525 மில்லிமீட்டர் என்ற சிறிய அளவும் இந்த ஊர்களுக்குப் பொருந்துகிறது. நகரத்தார் ஊர்களின் வீதிகள் நேராகவும் ஓரளவு அகலமாகவும் அமைந்தவை என்பதால் அங்கே எந்தக் காருக்கும் தொல்லையில்லை. காரைக்குடிக்குள் கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றியுள்ள கல்லுக்கட்டிப் பகுதியிலோ, கடைகள் நெருங்கிய செக்காலைச் சாலையிலோ நுழையும்போதுதான் சிறிய காரின் அருமை தெரிகிறது. கண்ணாடிப் பரப்பு பெரிது. ஓட்டுநர் நிமிர்ந்து உட்காருகிறார். பின்புறம் செங்குத்தாக முடிவதால் கார் எங்கே முடிகிறது என்பதைத் திரும்பிப் பார்த்தே கணிக்க முடிகிறது. இப்போதைய கார்களில் பின்கண்ணாடி சுருங்கி, தூண்கள் பருத்து, கேமரா இல்லாமல் பின்னால் எடுக்கவே முடியாத நிலை வந்துவிட்ட பிறகு, இந்தத் திறந்த பார்வை ஒரு தனிச் சலுகையாகவே படுகிறது. புதிதாகக் கார் ஓட்டக் கற்பவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இன்ஜின் நான்கு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு கொண்டது. ஏறத்தாழ 62 குதிரைத்திறன் தருவது. காரின் எடை 850 கிலோ அளவில்தான் என்பதால், சமவெளியான இப்பகுதிக்கு அந்தத் திறன் தாராளமாகப் போதும். குன்றக்குடியிலும் மலைக்குப் படியேறித்தானே போகிறோம், கார் ஏற வேண்டிய மேடு எதுவும் இல்லை. மூன்றாம் கியரில் மெதுவாகப் போகும்போது திணறாமல் இழுக்கும் குணம் குறிப்பாகப் பாராட்டத்தக்கது. தைப்பூசத்துக்கு முன்பு குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்துசெல்லும் நகரத்தார் கூட்டத்தால் சாலையில் நடையின் வேகத்திலேயே காரை நகர்த்த வேண்டிய நேரங்களில், கிளட்ச்சை வதைக்காமல் ஓட்ட முடிகிறது. சும்மா நிற்கும்போது நடுக்கம் மிகக் குறைவு. மூன்று சிலிண்டர் கார்களிலிருந்து வருபவர்கள் இன்ஜின் அணைந்துவிட்டதோ என்று ஐயுறும் அளவுக்கு அமைதி. ஊருக்குள் லிட்டருக்கு 12 அல்லது 13, வெளிச்சாலையில் 16 அல்லது 17 கிலோமீட்டர் என்று எதிர்பார்க்கலாம். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆனால் மாதத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காருக்கு, மைலேஜில் மிச்சமாகும் தொகை புதுக் காரின் மாதத் தவணைக்கு அருகில்கூட வராது.

உதிரிப் பாகங்களைப் பொறுத்தவரை அச்சம் வேண்டியதில்லை. இதே 1.1 லிட்டர் இன்ஜின் குடும்பம் முதல் தலைமுறை ஐ10 காரிலும், பிறகு 2018இல் வந்த புதிய சான்ட்ரோவிலும் தொடர்ந்து பயன்பட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற கார் என்பதால் வெளிச்சந்தையிலும் பாகங்கள் ஏராளம். காரைக்குடியில் கிடைக்காதது மதுரையிலோ திருச்சியிலோ கிடைத்துவிடும். மெக்கானிக்குகள் இதன் உள்ளமைப்பை நன்கு அறிந்தவர்கள். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடமிருக்கிறது. உள்ளலங்காரப் பாகங்கள், கதவுப் பீடிங், அசல் விளக்குகள் போன்றவை மட்டும் வரவரக் கிடைப்பது அரிதாகிறது.

இனி, நிற்பதால் வரும் முதுமையைப் பற்றிப் பேச வேண்டும். செட்டிநாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களின் விளம்பரங்களில் '35,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது, ஒரே உரிமையாளர்' என்ற வாசகத்தை அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஓடோமீட்டரைத் திருத்த வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு இங்கே கார்கள் குறைவாக ஓடுகின்றன. வாங்குபவர் அந்த எண்ணைக் கண்டதும் மகிழ்ந்துவிடுகிறார். ஆனால் காரில் பாதிப் பொருள்கள் ஓட்டத்தால் தேய்வதில்லை. காலத்தாலும் வெயிலாலும் கெடுகின்றன. அவற்றைப் பொறுத்தவரை, பதினைந்து ஆண்டில் 35,000 கிலோமீட்டர் ஓடிய காரும் ஒன்றரை லட்சம் ஓடிய காரும் ஒரே வயதுடையவைதாம். சில வகைகளில், ஒன்றரை லட்சம் ஓடிய கார் தவறாமல் பட்டறைக்குப் போயிருக்கும் என்பதால் அதன் நிலை மேலானதாகவும் இருக்கக்கூடும்.

இதில் மிகவும் கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட். இந்த இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது இரும்புச் சங்கிலி அன்று. பல் வைத்த ரப்பர் பெல்ட். அதைக் குறிப்பிட்ட கிலோமீட்டரிலோ குறிப்பிட்ட ஆண்டுகளிலோ, எது முந்துகிறதோ அதன்படி மாற்ற வேண்டும். 60,000 கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு என்பது பட்டறைகளில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதற்பகுதி எல்லோருக்கும் நினைவிருக்கிறது, இரண்டாம் பகுதி மறந்துபோகிறது. 35,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது என்று தொழிற்சாலையில் மாட்டிய பெல்ட்டையே பதினைந்து ஆண்டுகள் வைத்திருப்பவர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அது அறுந்தால் கார் நிற்பதோடு போகாது; வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்து, ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க வேண்டிய நிலை வரலாம். காரின் இன்றைய மதிப்பில் கணிசமான பங்கை அந்த ஒரு வேலை விழுங்கிவிடும். ஆகவே பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு, காரை வாங்கியதும் முதல் வேலையாகப் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றிவிட வேண்டும். கையோடு வாட்டர் பம்ப்பையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் அதை அடைவதற்கு மறுபடியும் அதே இடத்தைத்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்தது டயர். பட்டன்கள் ஆழமாக, புதிது போலவே தெரியும். ஆனால் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் உண்மை விளங்கும். அதில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2312 என்றிருந்தால் 2012ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். மே மாத வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், பத்து வயதான ரப்பர் இறுகிப்போய் மயிரிழை வெடிப்புகள் விட்டிருக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயர் தரையில் பட்ட பகுதியில் தட்டையாகி, ஓட்டும்போது ஸ்டியரிங்கில் அதிர்வு தருவதும் உண்டு. பட்டன் இருக்கிறதே என்று மனம் இரங்காமல் நான்கையும் மாற்றத்தான் வேண்டும். பதின்மூன்று அங்குல டயர் என்பதால் செலவு மிக அதிகமில்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஆறு மாதம் பூட்டிவைத்தால், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, பின்சக்கரத்து பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்கக் காரை கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுப் போகலாம். பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ்) வயரைக் கழற்றிவைத்தால் அடுத்த முறை வரும்போது வண்டி எடுக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து வாரத்துக்கு ஒரு நாள் கொட்டகையிலேயே இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைவிடத் தீமையான பராமரிப்பு வேறில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் பேட்டரி இழந்த மின்சாரம் திரும்ப ஏறுவதில்லை. இன்ஜின் முழுச்சூடு அடையாததால் சைலன்சருக்குள் நீர் தங்கித் துருப்பிடிக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்றாலும், காரைக்குடியிலிருந்து தேவகோட்டை வரை போய்த் திரும்புவது போன்ற ஒரு முழு ஓட்டம் கொடுத்தால்தான் இன்ஜினும் பேட்டரியும் பிரேக்கும் ஒருசேர உயிர் பெறும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது இன்னொரு கவலையாகச் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி, பின்னர் நாடெங்கும் பொதுவாகிவிட்டது. சான்ட்ரோ ஜிங் அந்தக் கலவையை எண்ணி வடிவமைக்கப்பட்டதன்று. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பு. பழைய நான்கு சக்கர வாகனங்களில் இது 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி அறிக்கையே கூறியிருக்கிறது. நாள்தோறும் ஓடும் காருக்கு அதைத் தாங்கிக்கொள்ளலாம். நின்றுகிடக்கும் காரில்தான் சிக்கல் பெரிது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. அரைத் தொட்டிப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நின்றால் ஈரம் சேர்ந்து தொட்டியின் அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் நாளடைவில் இறுகவோ உப்பவோ செய்யும். 35 லிட்டர் தொட்டியில் ஊரை விட்டுப் புறப்படும்போது எவ்வளவு விட்டுச்செல்ல வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நீண்ட நாள் வரப்போவதில்லை என்றால் மிகக் குறைவாக விட்டுச்சென்று, திரும்பியதும் புதுப் பெட்ரோல் நிரப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பெட்ரோல் குழாய்களை ஒரு முறை முழுமையாக மாற்றிவிடுவதும் அறிவுடைமை. பெட்ரோல் கசிவு தீப்பிடிப்பதில் முடியக்கூடும் என்பதால் இதில் சிக்கனம் கூடாது.

எலியையும் அணிலையும் சொல்லாமல் விட முடியாது. ஆள் நடமாட்டமில்லாத வீட்டின் கொட்டகை அவற்றுக்கு உகந்த இடம். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரால் கூடு கட்டுவதும், ஒயர்களைக் கடித்து வைப்பதும் நடக்கும். சான்ட்ரோவுக்குச் சாதகமான செய்தி என்னவென்றால், இதன் மின்னமைப்பு எளியது. கடிபட்ட ஒயரை நல்ல எலக்ட்ரீசியன் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட முடியும். திரைகளும் உணரிகளும் நிறைந்த இன்றைய காரில் அதே கடிக்கு ஒயர்க் கட்டு முழுவதையும் மாற்றச் சொல்லும் நிலை வரலாம். பல மாதம் நின்ற காரை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து பார்க்காமல் சாவியைத் திருகக் கூடாது.

துருவைப் பொறுத்தவரை செட்டிநாடு ஓரளவு நல்ல இடம். தொண்டி போன்ற கடற்கரை ஊர்க் கார்களை உப்புக்காற்று அரிப்பது போல் இங்கே அரிப்பதில்லை. உலோக அரிமானத்தை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவருகிறது என்றாலும், நம் கார்களின் அடிப்பாகத்தை நாம்தான் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கதவுகளின் கீழ்விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பின்சக்கர வளைவு ஆகிய மூன்று இடங்களையும் விரலால் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயின்ட் புதிதாக இருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். செம்மண் புழுதி இப்பகுதிக்கே உரிய இன்னொரு தொல்லை. ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்ன இடைவெளிக்கு முன்பாகவே மாற்றுவது நல்லது.

ஏசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உட்புறம் சிறியது என்பதால் விரைவில் குளிர்கிறது. பெரிய கண்ணாடிகள் என்பதால் வெயிலும் தாராளமாக நுழைகிறது. ஐந்து பேரோடு ஏசியைப் போட்டுக்கொண்டு லாரியை முந்த நினைத்தால் இன்ஜினின் தயக்கம் தெளிவாகத் தெரியும். ரேடியேட்டர் விசிறி ஒழுங்காகச் சுழல்கிறதா என்பதைக் கோடைக்கு முன்பு சோதித்துவிட வேண்டும். டிக்கி சிறிது, நான்கு பேரின் பெட்டிகள் கொள்ளாது. பின்னிருக்கையை மடக்கினால் சீர் சாமான்களில் ஒரு பகுதியை ஏற்றலாம். ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் ஏற்றிவரும் வேலைக்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டாம். சிமென்ட் கல்லின் எடையைத் தாங்க வேண்டிய கார் இது அன்று, பின் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும்.

இப்போது இந்தக் காரின் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன். இதுவரை சொன்ன குறைகள் பணம் கொடுத்தால் தீர்பவை, இது தீராதது. விற்பனையான ஜிங் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றில் காற்றுப்பை இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. இவை நம் நாட்டில் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019இல்தான். அதற்கு முன்பு வந்த சிறிய கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. 2014ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, காற்றுப்பை இல்லாத ஐந்து கார்களும் வயதுவந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அந்த ஐந்தில் சான்ட்ரோ இல்லை. ஆனால் அதற்குப் பின்வந்த ஐ10 இருந்தது. அதைவிட முந்தைய உடலமைப்பைக் கொண்ட சான்ட்ரோ இன்னும் நன்றாகத் தாங்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்வருவது ஒன்று. திருப்பத்தூர் வழியாக மேலூரை அடைந்து, மதுரை செல்லும் நான்குவழிச் சாலையில் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே நூறில் பறப்பது முற்றிலும் வேறொன்று. உயரமான, குறுகலான உடலும் மெல்லிய டயர்களும் கொண்ட கார், எண்பதைத் தாண்டியதும் பக்கக்காற்றுக்கு அசைகிறது. திடீரென்று திருப்பினால் சாய்கிறது. முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம் என்ற பிரேக் அமைப்பு ஊருக்குள் குறைவின்றி நிறுத்துகிறது. ஈரச் சாலையில் வேகமாகப் போகும்போது ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சென்னையிலிருந்து ஊருக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தொலைவைக் குழந்தைகளோடு இந்தக் காரில் கடப்பதை நான் ஏற்பதில்லை. எங்கள் வீட்டில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம்: திருச்சிக்கோ மதுரைக்கோ போக வேண்டுமென்றால் ரயிலோ பேருந்தோ வாடகைக் காரோ, சான்ட்ரோ அன்று. பழைய கார் பாசத்துக்குரியது என்பதற்காக அதன் எல்லையை நீட்டிவிடக் கூடாது. உள்ளே இருப்பவர்கள் காரைவிட மிக அதிகப் பாசத்துக்குரியவர்கள்.

வண்டிக் காகிதங்களின் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை காரை ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயானது. இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025இல் அது 10,000 ரூபாயாக உயர்ந்தது. தாமதமானால் கார்களுக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். ஊரில் கார், வெளிநாட்டில் உரிமையாளர் என்ற நிலையில் இது எளிதில் பல ஆயிரமாகிவிடும். பசுமை வரி தனி. இவற்றோடு இன்னொரு நுணுக்கமும் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை இன்ஜின் அளவைப் பொறுத்தது: 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தில், 1,000 சி.சி. வரை ஆண்டுக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், வரி தனி. ஜிங் 1,086 சி.சி. என்பதால், வெறும் 86 சி.சி.க்காக உயர்ந்த படியில் விழுகிறது. பழைய 999 சி.சி. சான்ட்ரோவும் 998 சி.சி. வேகன் ஆரும் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுகின்றன. பத்து ஆண்டு வைத்திருக்கப்போகிறவருக்கு இது சிறிய தொகை அன்று.

வேகன் ஆரைக் குறிப்பிட்டுவிட்டதால் அதைப் பற்றிய என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதியில், பெரியவர்களுக்காக உயரமான பழைய கார் ஒன்றைப் புதிதாக வாங்கப்போகிறவர் 2010க்குப் பிந்தைய வேகன் ஆரை முதலில் பார்க்க வேண்டும். அதில் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், நின்றுகிடக்கும் காருக்குரிய மிகப் பெரிய ஆபத்து ஒன்று நீங்குகிறது, காப்பீடும் குறைவு, உயரமும் சான்ட்ரோவுக்குக் குறைந்ததன்று. 1.2 லிட்டர் இன்ஜின் கொண்ட ஐ10லும் சங்கிலிதான். உயரம் மட்டும் சற்றுக் குறைவு. சான்ட்ரோவின் நான்கு சிலிண்டர் அமைதியும் கதவு திறக்கும் பாங்கும் எனக்கு இன்னும் மேலானவை என்றாலும், அந்த இரண்டுக்காக மட்டும் பழைய காரைத் தேடிப்போய் வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே வீட்டில் சான்ட்ரோ இருப்பவரின் நிலை வேறு. காரின் வரலாறு அவருக்குத் தெரியும். விற்றால் கிடைப்பதும் பெரிய தொகையாக இராது. பெல்ட், டயர், பெட்ரோல் குழாய், பிரேக் எண்ணெய் ஆகியவற்றைப் புதுப்பித்து, ஊரைச் சுற்றிய ஓட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த பதிவுப் புதுப்பிப்பு வரும்போது மீண்டும் யோசிக்கலாம். இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு அந்தக் கட்டணமே காரின் விலையில் குறிப்பிடத்தக்க பங்காகிவிடுவதால், அந்தக் கட்டத்தில் விற்றுவிடுவது பெரும்பாலோருக்கு நல்லது.

அப்படியும் சான்ட்ரோதான் வேண்டும் என்று தேடி வாங்குபவர், 2012 முதல் 2014 வரை பதிவானவற்றை மட்டும் பார்க்கட்டும். பதிவுப் புதுப்பிப்புக்கு இன்னும் சிறிது காலமாவது இருக்கும், அல்லது அண்மையில்தான் புதுப்பித்திருப்பார்கள். குறைந்த கிலோமீட்டரைக் காட்டி உரிமையாளர் விலையை உயர்த்தினால், மேற்சொன்ன ரப்பர்ப் பொருள்கள் அனைத்தையும் மாற்ற எவ்வளவு ஆகும் என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் எழுதி வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு பேச வேண்டும். கழிக்க முடியாது என்று அவர் உறுதியாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கலாம்; ஓடாமல் நிற்கும் கார்களுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை.